ஒரு மணி நேரத்து மாவு

ஜெர்மன்காரம்மாவிடமிருந்து வந்த செய்தி தமிழில் இருந்தது. போனே மொழிபெயர்த்துக் கொடுத்த தமிழ். ‘மரியாதைக்குரிய தாயே, நான் உங்கள் மகளின் வீட்டின் உடைமையாளர் ஆவேன். ஜனவரியில் நான் உங்கள் நகரத்தில் நிகழ்வேன். அவளுடைய பெட்டி என்னிடம் நலமாக வாழ்கிறது.’ கடைசி வரியைப் படித்ததும் போனைத் தூக்கி எறிந்துவிடலாம் போல வந்தது. அவளுடைய பெட்டி நலமாக வாழ்கிறதாம். கொஞ்சம் ஆறிய பிறகுதான் புரிந்தது. பெட்டி பத்திரமாக இருக்கிறது, கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்கிறார், பாவம்.

என் மகள் அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். மூன்று வருடம் அந்தம்மாவின் வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்தாள். சமையலறை இரண்டு பேருக்கும் பொது. செய்தி வந்ததற்கு முந்தின வருடம் நவம்பரில், காலை டியூட்டிக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோது, வளைவில் திரும்பிய லாரிக்காரன் அவளைப் பார்க்கவில்லை. இருபத்தொன்பது வயது. பதின்மூன்றாம் நாள் நெடும்பாசேரி ஏர்போர்ட்டில் கொண்டுவந்து இறக்கினார்கள். பிளேனில் போன பெண் பிளேனிலேயே திரும்பி வந்துவிட்டாள் என்று எரிக்கப் போன இடத்தில் யாரோ சொன்னார்கள். இப்படிப் பேசுவதற்கும் மனிதர்களுக்கு வாய் இருக்கிறது.

நான் கொச்சி மட்டாஞ்சேரியில் மாவு விற்கிறவள். கொச்சங்காடிப் பக்கம் வந்து தமிழத்தியின் மாவுக்கடை எது என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். கடை என்பது பெயருக்குத்தான். வீட்டு முன்னறையில் ஒரு கிரைண்டர், ஒரு பிரிட்ஜ், ஒரு மேசை. இட்லிக்கும் தோசைக்கும் அரைத்துப் புளிக்கவைத்துப் பாக்கெட்டில் போட்டுக் கொடுப்பேன். அவள் அப்பா கார்ப்பரேஷனில் வேலை பார்த்தார். அவள் நர்ஸிங் முடித்த வருடம் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். அதற்கப்புறம் வீட்டில் நானும் அவளும் கிரைண்டரும்தான். எனக்குக் கோபம் அதிகம் என்பது தெருவுக்கே தெரியும். பாக்கெட்டை அமுக்கிப் பார்த்து இது நேற்றைய மாவா என்று கேட்டவர்களை நான் திரும்ப வாசற்படி ஏற விட்டதில்லை.

அந்தம்மா வருகிறார் என்றதும் நான் பெட்டியைப் பற்றி யோசிக்கவே இல்லை. அவரிடம் கேட்க எனக்கு ஒரே ஒரு கேள்வி இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை என் மகள் எதற்காக எனக்குப் போன் செய்தாள்?

அதைச் சொல்லத்தான் வேண்டும். விபத்து நடந்த அந்த வருடம் ஆகஸ்டில் அவளுக்கு ஒரு வரன் பார்த்திருந்தேன். தென்காசிப் பக்கத்துக் குடும்பம். பையன் நல்ல வேலை. அவள் லீவில் வருகிற வாரத்தைக் கணக்குப் பண்ணி அவர்களை வரச் சொன்னேன். வேன் பிடித்துப் பதினாறு பேர் மலை தாண்டி வருகிறார்கள். இரண்டு நாள் இருக்கும்போது அவள் போன் செய்து டிக்கெட்டை மாற்றிவிட்டேன், ஒரு பரீட்சை வந்துவிட்டது, அடுத்த மாசம் கண்டிப்பாக வருகிறேன் என்கிறாள். அவர்களை நிறுத்த முடியவில்லை, கிளம்பிவிட்டார்கள். பதினாறு பேருக்கும் இலை போட்டுப் பரிமாறிவிட்டு, பெண் எங்கே என்று கேட்டவர்கள் முன்னால் நான் நின்ற நிலை எனக்குத்தான் தெரியும். பையனின் அத்தை ஒருத்தி சுவரில் மாட்டியிருந்த போட்டோவைப் பார்த்து, “படத்துல பாத்தாச்சு, போதும்” என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலம் மகளைக் கூப்பிட்டு வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். “இனிமே எனக்குக் கூப்பிடாத. கூப்பிட்டாலும் எடுக்க மாட்டேன்” என்று சொல்லி வைத்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள் என்று எனக்கு ஒரு பெருமை வேறு.

அவளும் கூப்பிடவில்லை. இரண்டரை மாசம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்றரை மணி இருக்கும், கிரைண்டர் கல்லைக் கழுவிக்கொண்டிருந்தேன். பிரிட்ஜ் மேலிருந்த போன் அடித்தது. அவள் படம் அதில் தெரிந்தது, தடிமனான கோட்டுக்குள் முகம் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி ஒரு படம். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். எடுக்கவில்லை. அடித்து ஓயும் வரை பார்த்துக்கொண்டே நின்றேன். உண்மையைச் சொல்ல வேண்டும், எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது. இன்னும் இரண்டு தடவை அடிக்கட்டும், மூன்றாவது தடவை எடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அவள் ஒரு தடவைதான் அடித்தாள். நானாகக் கூப்பிட வீம்பு விடவில்லை. பதினோராவது நாள் அந்த லாரி.

அதற்குப் பிறகு அந்த ஒரு போனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா மன்னிச்சிரு என்று சொல்லக் கூப்பிட்டாளா, என் சண்டையை முடிக்கக் கூப்பிட்டாளா, இல்லை இனி நீ எனக்கு வேண்டாம் என்று சொல்லவா? உடம்பு சரியில்லாமல் இருந்ததா? வருகிறவர்கள் எல்லாரும், “அவ உங்க மேல கோபமா போயிருக்க மாட்டா” என்று ஆறுதல் சொன்னார்கள். அவர்களுக்கு எப்படித் தெரியும்? அந்த வீட்டில் அவளோடு இருந்தது ஜெர்மன்காரம்மா மட்டும்தான். தெரிந்தால் அவருக்குத்தான் தெரியும். என் மகள் கோபத்தோடு போகவில்லை என்று அவர் வாயால் ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும், மிச்ச நாளை ஓட்டிவிடுவேன் என்று இருந்தேன்.

அப்படிப்பட்ட கேள்வியைக் கடைச் சாயாவும் பிஸ்கட் பாக்கெட்டும் வைத்துக் கேட்க முடியாது. மூன்று வருடம் என் பிள்ளைக்கு அடுப்பு கொடுத்தவர். அதனால்தான் அந்தக் கேக்கைச் செய்வதென்று முடிவு செய்தேன்.

அங்கே அவளுக்கு உடனே பிடித்துப்போனது அது ஒன்றுதான். சண்டைக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமைதோறும் படம் அனுப்புவாள். பெரிய தட்டு நிறையக் கேக், நடுவில் சிவப்பாகப் பழம், மேலே உதிரி உதிரியாக என்னவோ. “என்னடி இது, புட்டைக் கொண்டுபோய் மேல கொட்டி வச்சிருக்கு?” என்று நான் கேட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் போன் கீழே விழுந்துவிட்டது. “புட்டு இல்லம்மா, வெண்ணெயும் சர்க்கரையும் மைதாவும் பிசிறிப் போட்டது. அடியில ஈஸ்ட் போட்ட மாவு. பொங்குற மாவுன்னா உனக்கு உசுராச்சே, வந்து செஞ்சு தரேன் பாரு.”

அடுத்த வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள். எங்களைப் போலவே தமிழ்க் குடும்பம். தமிழ் பேசுவாள், எழுதுவதென்றால் மலையாளம்தான். அவளும் நர்ஸிங் முடித்துவிட்டு எறணாகுளத்தில் ஜெர்மன் படிக்கப் போய்க்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டி, இதைச் செய்வது எப்படி என்று பார்த்துச் சொல்லச் சொன்னேன். ஜெர்மன்காரம்மா வரும்போது பக்கத்தில் இருந்து எனக்குச் சொல்லிக் கொடுக்கவும் கேட்டுக்கொண்டேன்.

“எனக்குப் பேடியா இருக்கு ஆன்ட்டி,” என்று பயந்தாள். “நான் ரெண்டாவது பரீட்சைதான் பாஸாயிருக்கேன். அவங்க ஸ்பீடா பேசினா ஒண்ணும் மனசிலாகாது.”

“மெதுவா பேசச் சொல்லு. சாயா குடிக்கத்தான் வராங்க, சண்டைக்கு வரல.”

பழத்துக்குத் தோப்பும்படி வரைக்கும் போனேன். பிளம் என்று ஒரு கடையில்தான் இருந்தது. ஒவ்வொரு பழத்திலும் பொட்டு வைத்த மாதிரி ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அமுக்கினால் கல் மாதிரி இருந்தது. கடைக்காரர் அமுக்காதீங்க சேச்சி என்றார். என் கடையில் நான் சொல்வதை எனக்கே ஒருத்தர் சொல்கிறார். வாயை மூடிக்கொண்டு வாங்கிவந்தேன்.

அவர் வருவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம் மாவு பிசைந்தேன். அந்தப் பெண் போனைப் பார்த்துப் படித்தாள், நான் செய்தேன். மைதா, வெதுவெதுப்பான பால், ஒரு முட்டை, சர்க்கரை, வெண்ணெய், ஈஸ்ட். இட்லி மாவில் கை ஓட்டுகிற எனக்கு இந்த மாவு புதுசாக இருந்தது. முதலில் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது, பத்து நிமிஷம் அடித்துப் பிசைந்ததும் தானாகவே கையை விட்டுவிட்டது. நல்ல மாவு. மூடி வைத்துவிட்டுக் கை கழுவினேன்.

“வெதுவெதுப்பான இடத்துல ஒரு மணி நேரம் வைக்கணும்னு எழுதியிருக்கு,” என்றாள் அந்தப் பெண். “அது கழிஞ்சு தட்டுல பரத்தி, பழம் அடுக்கி, மேல அந்தப் பொடி போட்டு, உடனே சுடணும்.”

“ஒரு மணி நேரத்துல மாவுக்கு என்னடி தெரியும்?”

“ஆன்ட்டி, தெளிவா எழுதியிருக்கு. ஒரு மணி நேரம்.”

“எழுதினவ இட்லி மாவு வச்சிருப்பாளா? ராத்திரி முழுக்கக் கிடந்தாத்தான் ருசி வரும். காலைல சுட்டுக்கலாம், நீ போ.”

அவள் போய்விட்டாள். எனக்குத் தெரிந்த வித்தை இது ஒன்றுதான், அதில் இன்னொருத்தர் வந்து கணக்குச் சொல்வதா? இந்த ஊரில் மாவு எப்படிப் புளிக்கும் என்பது எனக்குக் கைப்பாடம். மழைக்காலத்தில் பாத்திரத்தைச் சுவரோரமாக வைக்க வேண்டும், ஏப்ரலில் தண்ணீருக்குள் இறக்கி வைக்க வேண்டும். மகள் சின்னவளாக இருக்கும்போது காலையில் எழுந்ததும் மூடியைத் திறந்து மூக்கை உள்ளே விட்டு, “ஆயாச்சு” அல்லது “ஆகல” என்று சொல்வாள். பல் தேய்ப்பதற்கு முன்னால் அதுதான் அவள் வேலை. ஒரு நாளும் தப்பாகச் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பார்த்தால் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு மேசை மேல் வழிந்திருந்தது. அதற்கப்புறம் தாழ்ந்துபோய் உள்ளே குழிந்து கிடந்தது. கள்ளுக்கடை வாசனை அடித்தது. ஈஸ்ட் நம் மாவைப் போல இல்லை, அதற்குப் பொறுமை கிடையாது. எனக்கு ஆத்திரமாக வந்தது, என் மேலேதான். ஆனால் புளித்துப்போன மாவை என்ன செய்வதென்று எனக்குச் சொல்ல ஆள் வேண்டியதில்லை. புது மைதா இரண்டு பிடி, கூடுதலாக ஒரு கரண்டி சர்க்கரை, ஒரு சிட்டிகை சோடா. போட்டு மறுபடி பிசைந்தேன். அரை நிமிஷ வேலை. வாசனை பாதி போனது. பாதி போகவில்லை. வேறு மாவு பிசையலாம் என்றால் ஈஸ்டும் மிச்சமில்லை.

தட்டில் பரப்பிப் பழத்தை நறுக்கி அடுக்கினேன். வெண்ணெயையும் சர்க்கரையையும் மைதாவையும் விரல் நுனியால் பிசிறினேன். புட்டுக்கு மாவு பிசிறுகிற அதே கைதான். அந்தப் பெண் இதற்கு ஷ்ட்ராய்சல் என்று பெயர் சொன்னாள். பெயரில் என்ன இருக்கிறது, எனக்குப் புட்டுப் பொடிதான்.

வீட்டில் கேக் சுடும் அடுப்பு கிடையாது. இங்கே கிறிஸ்துமஸ் சமயத்தில் கிறிஸ்தவ வீடுகளில் கேக் மாவைக் கலந்து பேக்கரிக்கு எடுத்துப்போய், அங்கே இருக்கிற போர்மா என்கிற பெரிய விறகடுப்பில் சுட்டு வாங்கி வருவார்கள். நானும் தட்டைத் துணி போட்டு மூடி எடுத்துக்கொண்டு போனேன். பேக்கரி இக்கா என்னிடம் மாவு வாங்குகிறவர்தான். துணியைத் தூக்கி மோந்து பார்த்து மூக்கைச் சுருக்கினார்.

“சேச்சி, இது புளிச்சு போயல்லோ. களஞ்சேக்கு,” என்றார். தூக்கிப் போட்டுவிடு என்கிறார்.

“புளிச்சா என்ன இக்கா? நான் புளிச்ச மாவு வித்துத்தான் பொண்ணைப் படிக்க வச்சேன். உள்ள வைங்க.”

என் மகளை அவருக்குத் தெரியும். போர்மாவுக்குள் தட்டைத் தள்ளிவிட்டு எனக்கு ஒரு ஸ்டூல் எடுத்துப் போட்டார். அரை மணி நேரத்தில் வெளியே வந்தபோது மேலே பொன்னிறமாக, பழச்சாறு ஓரத்தில் கொதித்துக்கொண்டு, அவள் அனுப்பிய படத்தில் இருந்தது மாதிரியே இருந்தது. சந்தோஷப்படக்கூடாது என்று நினைத்தும் ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். மகளுக்கு ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்று போனைக் கையில் எடுத்தும்விட்டேன். பதினாலு மாசம் ஆகியும் கைக்குத் தெரியவில்லை.

ஜெர்மன்காரம்மா மூன்று மணிக்குப் போர்ட் கொச்சியிலிருந்து ஆட்டோவில் வந்தார். வயதான அம்மாவாக இருப்பார் என்று நினைத்திருந்தேன், என் வயதுதான். அங்கே ஊர் பஸ் ஓட்டுகிறவராம், கை ஒவ்வொன்றும் அப்படி இருந்தது. நீலப் பெட்டியை ஆட்டோக்காரர் தொடும் முன்னே அவரே ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார். வாசலில் நின்று, “அம்மா,” என்றார். என் மகள் கூப்பிடுவது போலவே கடைசியில் கொஞ்சம் இழுத்தார். போனில் அவள் பேசும்போது கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கிறார். கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தேன்.

பெட்டியை அவரேதான் திறந்தார். எல்லாத் துணியையும் துவைத்துத் தேய்த்து, ஓரம் பிசகாமல் மடித்து அடுக்கியிருந்தார். நான் மேலே இருந்த ஸ்வெட்டரை எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தேன். ஏதோ சோப்பு வாசனை. அடுத்ததை எடுத்தேன், அதிலும் அதே சோப்பு. அடியில் இருந்த சாக்ஸ் வரைக்கும் எடுத்துப் பார்த்தேன். ஒன்றில்கூட அவள் இல்லை. இந்த அம்மாவை யார் துவைக்கச் சொன்னது என்று கத்த வேண்டும் போல இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். நல்லபடியாகச் செய்திருக்கிறேனா என்று கேட்கிற முகம். “டாங்க்யூ,” என்று சொல்லிப் பெட்டியை மூடினேன்.

அப்புறம் சாயா போட்டு, கேக்கை மேசை மேல் வைத்தேன். அவர் இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். “எங்க வீட்டுக் கேக்காச்சேன்னு சொல்றாங்க,” என்றாள் அந்தப் பெண். ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தேன். வாயில் போட்டு மென்றவர் பாதியில் நிறுத்தினார். எனக்குப் புரிந்துவிட்டது.

“புளிச்சிருச்சுன்னு சொல்லு,” என்றேன். “ஒரு மணி நேரம்னு எழுதியிருந்தது, நான்தான் ராத்திரி முழுக்க வச்சிட்டேன்னு சொல்லு. சாப்பிட முடியலேன்னா வேண்டாம்.”

அந்தப் பெண் திக்கித் திணறி அதைச் சொன்னாள். அந்தம்மா கேட்டுவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழ ஆரம்பித்துவிட்டார். அவர் அழுவதைப் பார்த்ததும், இனி வைத்துக்கொண்டிருந்தால் கேட்க முடியாது என்று பட்டது. கேட்டுவிட்டேன். “அவ போறதுக்கு பதினோரு நாள் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை எனக்குப் போன் பண்ணினா. அது எதுக்குன்னு இவங்களுக்குத் தெரியுமான்னு கேளு. அவ என் மேல கோபமா இருந்தாளான்னு கேளு.”

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். எனக்கு இப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்று அவளுக்கு அதுவரை தெரியாது. மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள். அந்தம்மா நாளைச் சரிபார்த்துக்கொள்வது போல விரலை மடக்கினார். அப்புறம் தட்டிலிருந்த கேக்கைக் காட்டினார்.

அந்த ஞாயிறு அந்தம்மாவின் பிறந்தநாளாம். அவர் வீட்டுக் கேக்கை அவருக்கே செய்து கொடுக்க வேண்டும் என்று என் மகள் ரகசியமாகச் சனிக்கிழமையே மாவு பிசைந்திருக்கிறாள். ஒரு மணி நேரம் வைத்தால் போதும் என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் ராத்திரி முழுக்க வைத்தால்தான் ருசி என்று ஹீட்டர் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். காலையில் இருவரும் சமையலறைக்கு வந்து பார்த்தால் மாவு தரையெல்லாம் வழிந்திருக்கிறது. இதைக் குப்பையில் போடு என்றாராம் அந்தம்மா.

“அவ போடலையாம் ஆன்ட்டி,” என்றாள் அந்தப் பெண். “எங்கம்மாவுக்கு இதைச் சரியாக்கத் தெரியும், புளிச்ச மாவைப் பத்தி எங்கம்மாவுக்குத் தெரியாதது ஒண்ணுமில்லைன்னாளாம். அதைக் கேக்கத்தான் உங்களுக்கு விளிச்சாளாம்.”

மாவுக்கையோடு போனை மேசை மேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள். இரண்டு பேரும் உட்கார்ந்து மணி அடிப்பதைக் கேட்டிருக்கிறார்கள். இந்தப் பக்கம் நான் ஈரக் கையோடு நின்று அதே மணியைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“அப்புறம்?” என்றேன்.

“எடுக்கலையாம். அம்மா தூங்கிட்டு இருப்பாங்க, ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒரு நேரந்தான் கொஞ்சம் கண்ணசருவாங்க, எழுப்ப வேண்டாம்னு சொல்லி வச்சிட்டாளாம். அப்படியே சுட்டுட்டாங்க. புளிச்சுதான் இருந்ததாம். ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே எல்லாத்தையும் தின்னு தீர்த்தாங்களாம்.”

“கோபம்?”

அவள் கேட்டாள். அந்தம்மா புரியாமல் பார்த்தார். சண்டை என்று ஒன்று நடந்ததே அவருக்குத் தெரியாது. என் மகள் சொன்னதெல்லாம், எங்கம்மாவுக்குக் கோபம் வந்தால் மூன்று மாசம் இருக்கும், அப்புறம் தானாகப் போய்விடும், கிறிஸ்துமஸ் லீவுக்கு வீட்டுக்குப் போய்விடுவேன் என்பதுதான்.

நான் கேட்க ஆசைப்பட்டது இதைத்தான். கோபம் இல்லை. கொஞ்சம்கூட இல்லை. கோபத்தில் கூப்பிட்டிருந்தாலாவது நான் எடுக்காததற்கு ஒரு நியாயம் இருந்திருக்கும். அவள் மாவைச் சரி செய்யக் கேட்டாள். இரண்டு பிடி மைதா, ஒரு கரண்டி சர்க்கரை, ஒரு சிட்டிகை சோடா. இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அவளுக்கு நான் ஒன்றும் கெடுதல் செய்யவில்லை என்று அவள் நம்பியே போய்விட்டாள். சாயாக் கிளாஸைத் தள்ளி வைத்தேன்.

அந்தம்மா என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து வேகமாக எதையோ சொன்னார். அந்தப் பெண் மெதுவாகப் பேசச் சொல்லி, திரும்பக் கேட்டு, எனக்குச் சொன்னாள். “இன்னொரு தடவை அடிச்சுப் பாருன்னு நான் சொல்லியிருக்கணும்னு சொல்றாங்க, ஆன்ட்டி. அது ஒண்ணு மனசுக்குள்ள உறுத்திக்கிட்டே இருக்காம். அன்னைக்கு நீங்க தூங்கிட்டுதான் இருந்தீங்க, அவ சொன்னது சரிதானேன்னு கேக்கறாங்க.”

இதற்கு மட்டும் அவள் சொல்லிக் கொடுக்கக் காத்திருக்கவில்லை. அந்தம்மாவைப் பார்த்து, “யெஸ்,” என்றேன். “ஸ்லீப்பிங்.”

அவருக்கு முகம் தெளிந்துவிட்டது. பெரிய மூச்சு ஒன்று விட்டு என் கையைத் தட்டிக் கொடுத்தார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தட்டை நீட்டி இன்னொரு துண்டு கேட்டார். வெட்டி வைத்தேன்.